ஆளுக்கு ஒரு பிடி

மாடில்டா அந்தத் தாளில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். முதல் கையெழுத்து, ஆத்தடித் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரைக் கோல சிலாங்கூர் மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போவதற்கு. அடுத்தது, கேட் சாத்தும் ஆறு மணிக்குள் அத்தனை பேரையும் திருப்பிக் கொண்டுவந்து விடுவதற்கு. மூன்றாவது கையெழுத்தைத்தான் இரண்டு நாளாக அவள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே அரிசியோ சோறோ ரொட்டியோ, தின்னக்கூடிய எதுவும் போகாது, போனால் அதற்கு அவளே பொறுப்பு என்று மேலே டைப் அடித்திருந்தது.

"பொறுப்புன்னா என்னண்ணே?" என்று அண்ணன் கொர்னேலியஸைக் கேட்டாள். அவன் அந்தத் தோட்டத்தில் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிறவன். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னான்:

"பொறுப்புன்னா ஜெயிலு. ஜெயிலு வேணாம்னு தொரை எரக்கப்பட்டா ஊருக்குத் திரும்பக் கப்பலு. ரெண்டுல எதுன்னு அப்ப சொல்லுவாங்க."

"வெளையாடாதண்ணே."

"யாரு வெளையாடறா? நீ வந்து எட்டு மாசம்தான் ஆவுது. இந்த ஊரு இப்ப எப்படின்னு ஒனக்கு என்னா தெரியும்? பேசாம பள்ளிக்கூடத்துல பாட்டுச் சொல்லிக் குடு. கோட்டையாம், கொத்தளமாம்."

அவளுக்கும் போக ஆசை ஒன்றும் இல்லை. பெரிய வாத்தியார் ஒரு வருஷமாகத் துரையிடம் கேட்டுக் கேட்டு வாங்கிய அனுமதி அது. வாங்கிய வாரமே அவர் மலேரியா கண்டு படுத்துவிட்டார். பிள்ளைகளோ சுங்கை பெசார் பாசாரைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. இரண்டாம் டீச்சர் என்று இருந்தது இவள் ஒருத்திதான்.

மலாயாவில் 1952ஆம் வருஷம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்தார்கள். அவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று எல்லாத் தோட்டத்திலும் கூலிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, வேலைக்குப் போகிறவர்களின் மடியையும் தூக்குச்சட்டியையும் தடவிப் பார்த்து அனுப்பினார்கள். அரிசி ரேஷனில்தான் வந்தது. மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற வழக்கமே போய், எல்லோரும் வீட்டுக்கு வந்துதான் சாப்பிட்டார்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் சன்னாசி என்கிற தென்னந்தோப்புக் கூலி வேலை செய்த நிரையில், ஒரு மரத்தடியில் அரிசி மூட்டை கிடைத்தது. அவன் வைத்தானா, வேறு யாரும் வைத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. லோரி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. இப்போது எங்கோ தடுப்பு முகாமில் இருந்தான். அவன் பெண்டாட்டி நல்லம்மாள் வேலியைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. அந்த வீட்டுப் பெயரோடு இன்னும் ஒரு மணி அரிசி சேர்ந்து கேள்விப்பட்டால் அவளையும் ஏற்றிவிடுவார்கள் என்பது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லோரி கேட்டடியில் நின்றது. டிரைவர் முருகையா டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைத்து, பொங்கலுக்குத் தைத்த துணியைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நல்லம்மாள் தன் மகள் புஷ்பவள்ளியின் பின்னலை மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரிய பீரங்கி பக்கத்துல கண்டிப்பா கூட்டிட்டுப் போவீங்கதானே, டீச்சரம்மா?"

"அதுக்குத்தானே போறோம், அக்கா."

"சின்னது நெறைய இருக்குமாம். பெருசு ஒண்ணுதானாம். அத உட்றாதீங்க."

வரலாற்றில் இந்த அம்மாளுக்கு இவ்வளவு அக்கறையா என்று மாடில்டாவுக்குக் கொஞ்சம் மனசு நிறைந்தது.

"இங்க பாருங்க," என்று பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "அரிசி, பிஸ்கட், மிட்டாய், கடலை, யார்கிட்டயாச்சும் எதாச்சும் இருக்கா? இருந்தா இப்பவே வீட்டுல குடுத்துடுங்க. திட்ட மாட்டேன்."

"இல்ல, டீச்சர்!" என்று இருபத்திரண்டு குரலும் ஒன்றாக வந்தது. வாய்ப்பாட்டைக் கூட அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாகச் சொன்னதில்லை.

ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அர்ஜுனன் பையன்களின் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான். பெண்பிள்ளைகளைச் சோதிக்கக் காளியம்மா இருந்தாள். தினமும் கேட்டில் பொம்பளைகளைத் தடவிப் பார்க்கிற வேலைக்கென்று தோட்டம் வைத்த ஆள். வெங்காயத் தோலைக்கூட விடமாட்டாள் என்று பேர். அன்றைக்கு இரண்டே நிமிஷத்தில் ஒன்பது பெண்களையும் தடவி, "சுத்தம்லா, போங்க போங்க," என்று ஏற்றிவிட்டாள்.

தஞ்சோங் காராங்கில் போலீஸ் தடுப்பு. முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு சீனக் கிழவரை இறக்கி, கையில் ஒரு பால் டின்னோடு ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள்.

"என்ன பண்ணினாரு, அண்ணே?" என்று மாடில்டா முன்சீட்டிலிருந்து முருகையாவைக் கேட்டாள்.

"டின்னுல ஓட்ட போடல. கடையில விக்கிறப்பவே ஓட்ட போட்டுத்தான் குடுக்கணும். ஓட்ட போட்டா ரெண்டு நாள்ல கெட்டுரும், காட்டுக்கு அனுப்ப முடியாதுல்ல. பேரப்புள்ளைக்குத்தான் வாங்கியிருப்பாரு. யாரு கேக்கப் போறா?"

கறுப்புக் கண்ணாடி போட்ட இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். சட்டையில் சிவானந்தம் என்று பெயர் குத்தியிருந்தது. தமிழர்தான். ஆனால் சிரிக்கவில்லை.

"இருபத்திரண்டு?"

"ஆமா, சார்."

"சாப்பாடு?"

"இல்ல, சார். கோல சிலாங்கூர்ல கடையில சொல்லி வெச்சிருக்கு."

அவர் கையைக் காட்டினார். லோரி நகர்ந்தது. மாடில்டா கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். விரலில் அதன் அச்சு பதிந்திருந்தது.

ஆற்றை மிதவையில் கடந்து, மலையடிவாரத்தில் லோரியை நிறுத்தி, இரண்டிரண்டு பேராகக் கைகோக்க வைத்து ஏற்றினாள். மலை என்று சொன்னாலும் ஏறி முடிக்க இருபது நிமிஷம்தான். மேலே கலங்கரை விளக்கம், பழைய ராஜாக்களின் கல்லறை, இடிந்த கருங்கல் மதில், கடலைப் பார்த்து நின்ற பீரங்கிகள். கீழே சேறும் அலையாத்திக் காடும், அதற்கப்பால் பழுப்பு நிறத்தில் கடல். பெரிய வாத்தியார் எழுதிக்கொடுத்த குறிப்பை எடுத்து வாசித்தாள்.

"டச்சுக்காரங்க கப்பல்ல வந்து இந்த மலையைப் புடிச்சாங்க. அடுத்த வருஷமே சுல்தான் ஆளுங்களோட வந்து திருப்பிப் புடிச்சாரு."

"எப்படிப் புடிச்சாரு, டீச்சர்? கேட்டுல சோதன இல்லியா?" என்றான் ஆர்தர். கூலிகளை மேய்க்கும் மண்டோர் சூசைமுத்துவின் மகன், வகுப்பிலேயே வாய் நீளம் அவனுக்குத்தான்.

"அப்ப கேட்டு இல்லடா."

"வேலி?"

"மதிலு இருந்துச்சு. பேசாம கேளு."

கலங்கரை விளக்கத்தின் கீழ் நின்று அதன் உயரத்தைச் சொன்னாள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கல்லறைப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கேயும் எல்லாக் கண்ணும் வேறு எதையோ தேடின. கடைசியில் புஷ்பவள்ளி கேட்டாள்:

"டீச்சர், பெரிய பீரங்கி எது?"

மரத்தடியில் தனியாக இருந்தது. மற்றதைவிட ஒரு முழம் நீளம், வாயில் பாசி. அதைக் காட்டியதுதான் தாமதம், கைகோத்திருந்த வரிசை கலைந்தது. ஓடவில்லை, கத்தவில்லை. பீரங்கிக்கு முன்னால் வட்டமாக நின்றார்கள். செருப்புப் போட்டிருந்த நாலு பேர் கழற்றிவிட்டார்கள். புஷ்பவள்ளி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாவாடையை மடியில் அகலமாக விரித்தாள். பாவாடை ஓரத்து மடிப்பிலிருந்து சின்ன மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை அவிழ்த்து மடியில் கொட்டினாள்.

பச்சரிசி. ஒரு பிடி.

மாடில்டா கிட்டே வந்து குனிந்தாள். "என்னடி இது?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் அடுத்தவள் முன்னால் வந்து, பின்னலுக்குள் சுற்றியிருந்த துணியை உருவிக் கொட்டினாள். அடுத்து ஒருவன் அரைஞாண் கயிற்றிலிருந்து. இன்னொருவன் குடைக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து. ஆளுக்கு ஒரு பிடி. ஒவ்வொருவரும் கொட்டியதும் பீரங்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க! யாரு குடுத்தா இத?"

"எங்கம்மா மடிப்பிச்ச எடுத்துச்சு, டீச்சர்," என்றாள் புஷ்பவள்ளி. "அப்பா திரும்பி வரணும்னு. வீட்டுக்கு வீடு போயி மடி ஏந்தி அரிசி வாங்கி, முனி முன்னால சேக்கணும். அப்பா சின்ன வயசுல இந்த மலையில ரோடு போட்டாராம். அப்பலேருந்து எங்களுக்கு இந்தப் பீரங்கிதான் முனி சாமி. அம்மா வர முடியாதுல்ல. அதான் நானு."

"அதுக்கு இத்தன பேரும் எதுக்குடி?"

பதிலை ஆர்தர் சொன்னான். "மொத்தமா கொண்டாந்தாதானே அரிசி, டீச்சர்? புடி புடியா கொண்டாந்தா அது அரிசியில்லன்னு காளியம்மாக்கா சொல்லிச்சு. அது வீட்டுலயும் ஒரு புடி குடுத்துச்சு."

"காளியம்மாவா? நீ வேதக்காரப் புள்ள, நீயுமாடா?"

"எங்கம்மா ரெண்டு புடி குடுத்துச்சு, டீச்சர். அப்பாவுக்குத் தெரியாது."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இருபத்திரண்டு பேரிடமும் பிரிந்து கிடந்தது, இப்போது ஒரே மடியில் இரண்டு கட்டி, ஒரு கிலோவுக்கும் மேல், அரிசியாகக் குவிந்துவிட்டது. மாடில்டாவின் மூன்றாவது கையெழுத்து அவள் கண்முன்னால் உட்கார்ந்திருந்தது. அதுவும் நல்லம்மாள் வீட்டுப் பெண்ணின் மடியில்.

"கொட்டுடி. அந்தப் பள்ளத்துல கொட்டு. சீக்கிரம்."

புஷ்பவள்ளி அசையவில்லை. "கொட்டினா காட்டு ஆளுங்களுக்கு வெச்சதுன்னு புடிப்பாங்க, டீச்சர். எங்கப்பாவ அப்படித்தான் புடிச்சாங்க."

அது உண்மை. இவ்வளவு பச்சரிசி மலைமேல் ஒரு மரத்தடியில் கிடந்தால் என்ன கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு மலைக்கு வந்தவர்கள் யார் என்று தேட வெகுநேரம் ஆகாது. பிள்ளைகளிடமே பிரித்துக் கொடுத்தால் திரும்பும் வழியில் அந்தக் கறுப்புக் கண்ணாடி நிற்கும். அவரிடம் காளியம்மாவின் கணக்குச் செல்லாது.

"சாமிக்குப் படச்சாச்சுல்ல," என்றான் ஆர்தர். "இனிமே அது பிரசாதம்தானே? தின்னுட்டா?"

"பச்சரிசியையா?"

"நாங்க எப்பவும் தின்னுவோம், டீச்சர்."

"அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழ வரும்டா," என்றது ஒரு குரல்.

"இந்த ஊர்ல எந்தக் கல்யாணத்துக்குடா மழ வரல?"

கலங்கரை விளக்கத்துப் பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டது. மாடில்டா வேறு எதையும் யோசிக்கவில்லை. குனிந்து, அந்த மடியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளி நீட்டினாள். ஆளுக்கு ஒரு பிடி. வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டார்கள். பின்னால் மூச்சிரைக்க ஏறி வந்த முருகையாவின் கையிலும் இரண்டு பிடி வைத்தாள். "என்னாம்மா இது?" என்றார். "தின்னுங்கண்ணே, கேக்காதீங்க," என்றாள். கடைசிப் பிடி மிஞ்சியது. அதை வாங்க யாருடைய வாயும் காலியாக இல்லை.

முனிக்குப் படைத்த அரிசி. மாதத்துக்கு ஒருமுறை சுங்கை பெசாருக்கு வருகிற பங்குச் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தாள். பிறகு வாயில் போட்டுக்கொண்டாள். மணலை மெல்லுவது மாதிரி இருந்தது.

மலாய்க் காவலர் ஒருவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு டிரைவர், எல்லோரும் பீரங்கியைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார்கள்.

"மாக்கான் ஆப்பா?" என்று கேட்டார். என்ன தின்கிறீர்கள் என்று.

ஆர்தர் ஒருவனால்தான் வாயைத் திறக்க முடிந்தது. "கச்சாங், தோக்." கடலையாம், ஐயா என்று மரியாதை வேறு.

காவலர் சிரித்துக்கொண்டு, தனக்கும் கொடு என்று கையை நீட்டினார்.

"ஹாபிஸ், தோக்," என்று ஆர்தர் இரண்டு வெறுங்கையையும் விரித்துக் காட்டினான். தீர்ந்துபோச்சு.

சாப்பாட்டுக் கடையில் இட்லியும் சாம்பாரும் தயாராக இருந்தன. துரை சொல்லி அனுப்பிய சாப்பாடு. வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். மாடில்டா ஒவ்வொரு பெஞ்சாகப் போய், "சாப்பிடுங்க, மிச்சம் வெக்காதீங்க," என்று மிரட்டினாள். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். தண்ணீரைக் குடித்துக் குடித்து உள்ளே தள்ளினார்கள். வயிற்றில் கிடந்த அரிசி தண்ணீரில் ஊறி என்ன ஆகும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

மூன்று மணிக்குத் தஞ்சோங் காராங் தடுப்பில் வண்டிகள் நீளமாக நின்றன. லோரிக்கு மேலே கூரை கிடையாது. வெயில் நடுமண்டையில் இறங்கியது. சிவானந்தம் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். லோரியின் பக்கப் பலகை அருகே அவர் வந்து நின்றதும், ஆர்தர் எட்டிக் குனிந்து, அவர் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி வாந்தி எடுத்தான்.

அவர் பின்வாங்கினார். பிறகு குனிந்தார். கையிலிருந்த பிரம்பால் மெல்லக் கிளறினார். இட்லித் துணுக்குகளுக்கு நடுவே ஊறிப் பெருத்த வெள்ளை மணிகள்.

"இது சோறில்ல," என்றார். "வேகாத அரிசி. எல்லாரையும் எறக்கு."

இறக்கினார்கள். ரோட்டோரத்தில் வரிசையாக நிற்க வைத்துத் தடவினார்கள். எதுவும் இல்லை. புஷ்பவள்ளியின் பாவாடை மடிப்பில் மட்டும் அந்த மஞ்சள் துணி இருந்தது. சிவானந்தம் அதை உதறினார். மூன்று அரிசிமணிகள் உள்ளங்கையில் விழுந்தன.

"பச்சரிசி, மஞ்சத்துணி. எனக்கும் கண்ணு இருக்கு. இது யாரு வேண்டுதல்?" புஷ்பவள்ளியின் முகத்தைப் பார்த்தார். "யாரு புள்ள நீ?"

இறக்கும்போது வாங்கிய தாள் மடித்தபடி அவர் கக்கத்தில் இருந்தது. அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரே அப்பன் பெயரும் எழுதியிருந்தது. காலையில் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர், இப்போது அதை இன்னும் விரிக்கவில்லை. புஷ்பவள்ளி வாயைத் திறந்தாள். மாடில்டா அவள் தோளை அழுத்திப் பிடித்து முன்னால் வந்தாள்.

"என் வேண்டுதல்தான், சார். துணியும் நான் குடுத்ததுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தார்.

"நீ வேதக்காரி."

"ஆமா, சார்."

"வேதக்காரிக்கு இந்தச் சாமிகிட்ட என்ன வேல?"

அதற்கு மேல் கதை கட்டத் தெரியாதவள் அவள். அதனால் கையில் இருந்த உண்மையையே எடுத்து நீட்டினாள்.

"நான் ஊர்லேருந்து வந்து எட்டு மாசம் ஆகுது, சார். வந்த நாள்லேருந்து பயம். கேட்டுச் சாத்துற சத்தம் கேட்டா பயம், லோரி சத்தம் கேட்டா பயம், தாள்ல கையெழுத்துப் போடச் சொன்னா பயம். இப்ப உங்களப் பாத்தும் பயமாத்தான் இருக்கு. மாதாகிட்ட கேட்டேன். அந்தோணியார்கிட்ட கேட்டேன். போகல. இந்த முனி நல்ல முனின்னு புள்ளைங்க சொல்லிச்சுங்க. கேட்டுப் பாப்போமேன்னு கேட்டேன்."

"அரிசி?"

"என் ரேஷன், சார்."

"வெளிய கொண்டுபோகலன்னு கையெழுத்துப் போட்டது?"

"நான்தான், சார்."

"எவ்வளவு?"

"ரெண்டு கட்டி இருக்கும்."

"இப்ப அது எங்க இருக்கு?"

மாடில்டா பிள்ளைகளின் வயிற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். "எல்லாருக்கும் குடுத்தேன், சார். நானும் தின்னேன்." வரிசையின் கடைசியில் இன்னொருத்தி குனிந்து வாந்தி எடுத்தாள். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் துள்ளி விலகினான்.

சிவானந்தம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். வெயிலில் பச்சையாக வெளிறிய முகத்தோடு நின்ற இருபத்திரண்டு பேரையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார்.

"இத நான் எப்படிக் கைப்பத்துறது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, அவளுடைய அடையாளக் கார்டு நம்பரை எழுதிக்கொண்டார். "மாசா மாசம் மொத சனிக்கெழம ஸ்டேஷன்ல வந்து கையெழுத்துப் போடணும். ஒங்க தொரைக்குக் கடுதாசி வரும். இனிமே அந்தப் பள்ளிக்கூடத்துலேருந்து ஒரு புள்ள வெளிய போகாது. இன்னொரு தடவ அரிசியோட ஒன்னப் பாத்தேன்னா, அப்ப எந்தச் சாமியும் வராது. ஏறு."

கக்கத்தில் இருந்த தாளை விரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

ஐந்தேகாலுக்கு லோரி கேட்டுக்குள் நுழைந்தது. இருபத்திரண்டு பேரையும் எண்ணி இறக்கினாள். அவள் கடைசியாக இறங்குவதற்குள் விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. அவள் வீட்டு வாசலை மிதிக்கும்போது கொர்னேலியஸ் நின்றுகொண்டிருந்தான்.

"முனியாண்டிக்கு வேண்டுதலா? நம்ம குடும்பத்துல? அப்பாவுக்கு நான் என்னான்னு எழுதுறது?"

"எழுதாதண்ணே."

"மாசா மாசம் ஒன்ன ஸ்டேஷனுக்கு யாரு கூட்டிட்டுப் போறது? நான்தானே?"

"ஆமாண்ணே."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் நல்லம்மாள் புஷ்பவள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். கிராணியைப் பார்த்ததும் மரியாதைக்குத் தலைத் துணியை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள். அவன் உள்ளே போனான். கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறான் என்பது மாடில்டாவுக்குத் தெரியும்.

"எல்லாப் புடியும் மடியில சேந்துச்சா, டீச்சரம்மா?"

"சேந்துச்சு, அக்கா."

"முனி முன்னாலதானே? அப்புறந்தானே தின்னீங்க?"

"முன்னாலதான். அப்புறம்தான் தின்னோம்."

நல்லம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். மாடில்டா அழுகையை எதிர்பார்த்தாள். நன்றி சொல்வாள் என்றும் எதிர்பார்த்தாள், சொன்னால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கூட வைத்திருந்தாள். நல்லம்மாள் கண்ணைத் திறந்தபோது அதில் கோபம்தான் இருந்தது.

"அப்புறம் எதுக்கு ஒன்னோட வேண்டுதலுன்னு சொன்ன?"

"உங்க பேரு வெளிய வந்தா உங்களையும் ஏத்திருப்பாங்க, அக்கா. புள்ள தனியா நிக்கும்."

"அது எனக்குத் தெரியுதுலா. முனிக்குத் தெரியுமா? போலீஸ்காரன்கிட்ட சொன்னது அவனுக்கும் கேட்டிருக்கும்ல? ஒன் வேண்டுதலுன்னு நெனச்சு, ஒன் பயத்தப் போக்கிட்டு, எம்புருசன அங்கயே உட்டுட்டான்னா நான் எங்க போயி கேக்கறது? இனி ஒரு தடவ மடி ஏந்த முடியுமா? அந்த மலைக்கு யாரு போவா?"

மாடில்டா படித்த ஞானோபதேசப் புத்தகத்தில் இதற்கு எந்த இடத்திலும் விடை இல்லை. ஆனாலும் இந்த அம்மாள் கேட்பதில் ஒரு நியாயம் இருப்பதாகவே பட்டது. வேறு ஒருத்தியின் வேண்டுதலை அவள் எடுத்துக்கொண்டாள்தான். அதுவும் சாட்சிகளுக்கு முன்னால்.

"என்ன செய்யணும், அக்கா?"

"வாயால சொல்லிட்ட. ஒன்னுதுன்னு ஆயிப்போச்சு. இனிமே ரெண்டு பேருந்தான் தூக்கணும். எம்புருசன் திரும்பி வர்ற வரைக்கும் வெள்ளிக்கெழம நீ கவுச்சி தொடக் கூடாது."

மாடில்டா தயங்கினாள். நல்லம்மாளிடம் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"வெள்ளிக்கிழமை நாங்க எப்பவுமே கறி சாப்பிடறதில்ல, அக்கா. எங்க வேதத்துல அப்படித்தான்."

நல்லம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஏமாற்றுகிறாளோ என்று புஷ்பவள்ளியைப் பார்த்தாள். புஷ்பவள்ளி, "ஆமாம்மா, ஆர்தர் வீட்டுலயும் அப்படித்தான்," என்றாள்.

"சரி," என்றாள் நல்லம்மாள். "அப்ப செவ்வாக்கெழமையும் சேத்துக்க. மீனு, கருவாடு, முட்ட, எதுவும் ஆகாது."

"சரி, அக்கா."

அடுத்த செவ்வாய்க்கிழமை கொர்னேலியஸ் மீனவர் ஊரான பாகான் நக்கோடா ஓமாருக்குப் போன லோரியில் சொல்லியனுப்பி, விரல் தண்டி இறால் வரவழைத்து, அவனே வறுத்தான். அவள் தட்டில் நாலைந்து எடுத்து வைக்கப் போனான். மாடில்டா தட்டை நகர்த்திக்கொண்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்றவன், ஏன் என்று கேட்காமல் இறாலைத் தன் தட்டிலேயே போட்டுக்கொண்டான்.